ஷீட்டுக்குள்ள பதினோரு பேரு

உக்காருங்க சார். நீங்க நின்னுக்கிட்டே இருந்தா மட்டும் மெஷினு வேகமா ஓடிடாது. உங்க பொண்ணு பதினெட்டு ஷீட்டு அனுப்பியிருக்கு, எல்லாம் ஏ-ஒன் சைஸு. ஒண்ணு வெளிய வர நாலு நிமிஷம். முதல் வருஷம்தானே? அதான் அப்பாவை அனுப்பிட்டு அது ரூம்ல தூங்குது. மூணாவது வருஷம் வரட்டும், தானே வந்து இந்த பிளாட்டர் மெஷினைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்.

என் பேரு வாசுகி. போர்டுல கடைக்கு வேற பேரு இருக்கும், அதெல்லாம் யாருக்கும் தெரியாது. எதிர்ல இருக்கிற இந்த ஆர்க்கிடெக்சர் காலேஜ்ல யாரைக் கேட்டாலும் வாசுகி அக்கா கடைன்னுதான் சொல்லும். பன்னெண்டு வருஷமா இந்தப் பிள்ளைங்களோட கட்டடம் பூரா என் கை வழியாத்தான் வெளிய போகுது. ஆஸ்பத்திரி, மியூசியம், ஏர்போர்ட்டு, எத்தனை ஏர்போர்ட்டுங்கறீங்க! நம்ம திருச்சியைச் சுத்தி மட்டும் முப்பது ஏர்போர்ட்டு பிரிண்ட் எடுத்திருக்கேன்.

வரும்போது கேட்டுல பெரிய ஃப்ளெக்ஸ் பாத்தீங்களா? சாதனையாளர் விழான்னு பதினாலு போட்டோ இருக்கும். பசங்க ஒன்பது பேரு, வாத்தியாருங்க அஞ்சு பேரு. அதுல மேல் வரிசையில, கண்ணாடி போட்டுக்கிட்டு, சிரிக்கலாமா வேணாமான்னு ஒரு மூஞ்சி இருக்கும். அதான் ஜெர்லின் மிஸ்ஸு. அந்த மிஸ்ஸாலதான் விழா அன்னிக்கு நானூறு பேர் முன்னாடி என் மானம் போச்சு. நான் இதை யாருகிட்டயும் சொல்றதில்ல சார். காலையில கூரியர்காரர் கேட்டாரு, அவர்கிட்ட சொன்னேன். அப்புறம் பால்காரர்கிட்ட. அவ்வளவுதான்.

இருங்க, பேப்பர் கோணலா போகுது. ம்... சரியாயிடுச்சு.

முதல்ல உங்களுக்கு ஆளுங்க விஷயம் சொல்லணும். இந்தப் பிள்ளைங்க கட்டடம் வரைஞ்சா அதுல ஆளுங்களையும் வைக்கணும். அப்பதான் கட்டடம் எவ்வளவு பெருசுன்னு பாக்கிறவங்களுக்குத் தெரியும். அந்த ஆளுங்களை இன்டர்நெட்ல இருந்து எடுப்பாங்க. எல்லாம் வெளிநாட்டுக்காரங்க. ஒரு பையன் துறையூர் சந்தைக்கு டிசைன் பண்ணிட்டு வந்தான். கத்திரிக்கா கடை முன்னாடி யாரு நிக்கிறா? தங்கக் கலர் முடி வச்ச ஒரு பொம்பளை, கையில சிகப்பு பலூனு, பக்கத்துல நாய்க்குட்டி. ஏண்டா தம்பி, துறையூர்ல இவளுக்கு என்ன வேலைன்னு கேட்டேன்.

அன்னிக்கு முடிவு பண்ணேன் சார். என் போனை எடுத்துக்கிட்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட்டு, ஆஸ்பத்திரி வாசல்னு சுத்துனேன். பூக்காரம்மா, கண்டக்டரு, குடையை மடக்கிக் கக்கத்துல வச்ச வாத்தியாரு, புள்ளையை இடுப்புல வச்சவ, எல்லாரையும் கேட்டுட்டுத்தான் எடுத்தேன். பின்னாடி இருக்கிறதை வெட்டி எறிஞ்சுட்டு கம்ப்யூட்டர்ல ஒரு ஃபோல்டர் போட்டு வச்சேன். நம்ம ஆளுங்கன்னு பேரு. இப்ப நானூத்தி முப்பது பேரு இருக்காங்க. அதுல நானும் இருக்கேன். பையோட நிக்கிறது, அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கிறது, போன் பேசிக்கிட்டு நிக்கிறதுன்னு அஞ்சாறு போஸு. பிள்ளைங்க கேட்டா வச்சுக் குடுப்பேன். சில நேரம் கேக்காமயும் வைப்பேன். வெறுமையா கிடந்தா எனக்குக் கை சும்மா இருக்காது.

ஆனா அளவு தப்பாது சார். ஒண்ணுக்கு அம்பது, அதாவது அம்பதுல ஒரு பங்காச் சுருக்குற அளவுன்னா நான் மூணு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. நான் நாலடி எட்டு அங்குலம். அதுல ஒரு நூல் கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன்.

இப்ப மிஸ்ஸு கதைக்கு வர்றேன். அவங்களுக்கு ஊரு மார்த்தாண்டம் பக்கம். ஒன்பது வருஷமா இங்க வாத்தியார் வேலை. நல்ல மிஸ்ஸு, ஆனா பேச்சு ரொம்பக் கம்மி. கூடப் படிச்சவங்க எல்லாம் வீடு கட்றாங்க, மண்டபம் கட்றாங்க. இவங்க வரைஞ்ச எதுவும் ஒரு செங்கல்லாக்கூட எழும்புனதில்ல. பிள்ளைங்க முதுகுக்குப் பின்னாடி பேப்பர் மிஸ்ஸுன்னு கூப்பிடும். அது அவங்களுக்குத் தெரியும். ஒரு நாள் இங்க உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே சொன்னாங்க, "ஒண்ணே ஒண்ணு போதும் அக்கா. நான் வரைஞ்சதுல யாராவது ஒருத்தர் மழைக்கு ஒதுங்கிட்டாப் போதும்."

அப்பதான் அந்தப் போட்டி வந்துச்சு. பஸ் ஸ்டாப்புல நிழற்குடைக்கு டிசைன் கேட்டிருந்தாங்க. ஜெயிக்கிற டிசைனை ஊருக்குள்ள முப்பது இடத்துல நிஜமாவே கட்டப் போறதா அறிவிப்பு. ஷீட்டை பேப்பர்ல பிரிண்ட் எடுத்து, கூரியர்ல அனுப்பணும். கடைசி நாளு மிஸ்ஸுக்குப் பரீட்சை ஹால் டூட்டி. மத்தியானம் ஃபைலை அனுப்பிட்டு போன் பண்ணாங்க. "அக்கா, பிரிண்ட் எடுத்து நீங்களே அனுப்பிடுங்க, நான் வர முடியாது."

திறந்து பாத்தா, சார், வெள்ளையா கிடக்கு. சாஞ்ச கூரை ஒண்ணு, நீளமா பெஞ்சு ஒண்ணு, ஒன்பது அங்குலம் உசரத்துல தரை. ஆளு ஒருத்தர் இல்ல. இழவு விழுந்த வீட்ல கூட நாலு பேர் நிப்பாங்க! மிஸ்ஸுக்கு நேரம் இல்லாம விட்டுப் போச்சு போலன்னு நினைச்சேன். போன் பண்ணேன், ஹால்ல இருக்கிறதால எடுக்கல. நாலு மணிக்குக் கூரியர் மூடிடுவான். நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க?

பதினோரு பேரை வச்சேன். பூக்காரம்மா, கண்டக்டரு, குடை வாத்தியாரு... கடைசியா என்னை. அவசரமா வேலை பாத்தவளுக்கு உக்கார இடம் வேணும்ல, பெஞ்சுல உக்கார வச்சுப் பாத்தேன். நாற்காலியில உக்காந்த போட்டோ என்கிட்ட இல்ல, கோயில் படியில உக்காந்த ஒண்ணு இருந்துச்சு. அதை வச்சா பெஞ்சுல இருந்து கால் அந்தரத்துல தொங்குது. சகிக்கல. எடுத்துக் கீழ, அந்த ஒன்பது அங்குல மேடை ஓரத்துல உக்கார வச்சேன். பொருந்திப் போச்சு. பிரிண்ட் எடுத்தேன், அனுப்பிட்டேன், அத்தோட மறந்தும் போனேன்.

ரெண்டு மாசம் கழிச்சு மிஸ்ஸு ஜெயிச்சுட்டாங்க. முதல் பரிசு சார்! நூத்தி நாப்பது பேருல. ஓடி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "கட்டப் போறாங்க அக்கா, கட்டப் போறாங்க"ன்னு ஏழெட்டு தடவை சொன்னாங்க. நானும் அழுதேன். ஆளுங்க விஷயத்தை அப்ப சொல்லியிருக்கணும்னு என் வீட்டுக்காரர் இப்பச் சொல்றாரு. நல்ல நேரத்துல எதுக்கு அதெல்லாம்?

விழா வந்துச்சு. இந்தக் காலேஜ்ல ஒரு பழக்கம், ஜெயிச்ச ஷீட்டை எல்லாம் பெருசா அடிச்சு ஹாலைச் சுத்தி மாட்டுவாங்க. அடிச்சது நான்தான். என்கிட்ட இருந்த ஃபைலையே எட்டுக்கு ஆறு அடி சைஸுல அடிச்சுக் குடுத்தேன். எனக்கு அழைப்பிதழ் உண்டு. பட்டுப் புடவை கட்டிக்கிட்டுக் கடைசி வரிசையில போய் உக்காந்தேன்.

மிஸ்ஸு ஹாலுக்குள்ள வந்தாங்க. தன் ஷீட்டைப் பாத்தாங்க. அப்படியே நின்னுட்டாங்க சார். பக்கத்துல போய் ஒவ்வொரு ஆளா விரல் வச்சு எண்ணுனாங்க. அப்புறம் திரும்பி, கூட்டத்துல என்னைத் தேடுனாங்க. நான் முன்னாடி இருந்த அம்மாவோட கொண்டைக்குப் பின்னாடி குனிஞ்சுக்கிட்டேன்.

பிரின்சிபால் சார் ஆரம்பிச்சாரு. ஒருத்தர் டாக்டரேட் வாங்கினாரு, கைதட்டல். மூணாவது வருஷப் பொண்ணு ஹஸீனா மண் சுவர் வீட்டுக்கு விருது வாங்குச்சு, விசிலு. சரித்திரம் எடுக்கிற சாரு பாதி மாரத்தான் ஓடினாரு, அதுவும் சாதனைக் கணக்குல சேத்துட்டாங்க, பாவம், அவருக்குத்தான் அன்னிக்குக் கைதட்டல் ஜாஸ்தி. அப்புறம் ஜெர்லின் மிஸ்ஸு பேரு. சீஃப் கெஸ்ட்டு திலகான்னு ஒரு மேடம், சென்னையில பெரிய ஆர்க்கிடெக்ட். அந்தப் போட்டிக்கு நடுவரா இருந்ததே அவங்கதான். எழுந்து நடுவருங்க குறிப்பை வாசிச்சாங்க. "பெஞ்சு எட்டாதவங்களுக்காக ஓரத்துல தாழ்வா ஒரு இருக்கை வச்ச கரிசனம், எங்களை ரொம்பத் தொட்டுச்சு. அதனாலதான் முதல் பரிசு."

நான் இன்னும் கீழ குனிஞ்சுக்கிட்டேன். ஏன்னா அது இருக்கை இல்ல சார். நான் உக்காந்திருக்கிறதைப் பாத்துட்டு இருக்கைன்னு நினைச்சுட்டாங்க!

மிஸ்ஸு மைக்கைப் பிடிச்சாங்க. எல்லாரும் ரெண்டு நிமிஷம் நன்றி சொல்லிட்டு இறங்குவாங்க. இவங்களும் அதையே சொல்லியிருக்கலாம்ல? கோப்பையை வாங்கிக்கிட்டு, நிழற்குடையைக் கட்டிக்கிட்டுப் போயிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகுது?

"அது இருக்கை இல்லைங்க மேடம்"னாங்க. "மழைத் தண்ணி உள்ள வராம இருக்கத் தரையை ஒன்பது அங்குலம் தூக்கியிருக்கேன். அவ்வளவுதான். அந்த ஓரத்துல ஒருத்தர் உக்காருவாங்கன்னு நான் நினைச்சுக்கூடப் பாக்கல. இந்தப் பதினோரு பேரையும் நான் வைக்கல. இன்னிக்குக் காலையிலதான் இவங்களைப் பாக்கிறேன். குறிப்புல சொன்னதுக்காகக் குடுத்த பரிசுன்னா, அது எனக்குச் சேராது."

பிரின்சிபால் சாரு மூஞ்சி வெளிறிப் போச்சு. மிஸ்ஸு மைக்கை விடல. ஒன்பது வருஷம் காத்துக் கிடந்தது, சார்! தன் வாயாலேயே வேணாங்கறாங்க.

"அப்ப யாரு வச்சது?"ன்னு திலகா மேடம் கேட்டாங்க.

அந்த மிஸ்ஸு என்ன பண்ணாங்க தெரியுமா? நேரா கையை நீட்டி, "கடைசி வரிசை, மயில் கழுத்துப் பச்சைப் புடவை. வாசுகி அக்கா. அவங்க இல்லாம நம்ம காலேஜ்ல ஒரு ஷீட்டும் வெளிய போனதில்ல"ன்னாங்க. புடவைக் கலர் மொதக்கொண்டு சொல்லிக் காட்டிக் குடுத்துட்டாங்க சார். நானூறு தலை திரும்புச்சு.

மேல கூப்பிட்டாங்க. போனேன். வேற வழி? நான் போகப் போக, திலகா மேடம் மேடையை விட்டு இறங்கி மிஸ்ஸோட ஷீட்டு பக்கத்துல போய் நின்னுட்டாங்க. அவ்வளவுதான், பிள்ளைங்க அத்தனையும் நாற்காலியைத் தூக்கிக்கிட்டு வந்து சுத்தி உக்காந்துருச்சுங்க. ஜூரின்னு ஒண்ணு இருக்கு, போகப் போக உங்களுக்கே தெரியும், உங்க பொண்ணு அழுதுக்கிட்டே போன் பண்ணும். ஷீட்டை மாட்டிட்டு முன்னாடி நிக்கணும், வாத்தியாருங்க கேள்வியாக் கேட்டுக் கிழிப்பாங்க. அதைப் பாத்துப் பாத்து வளந்ததுங்க, ஷீட்டு முன்னாடி ஒருத்தர் நின்னா இதுங்களுக்கு வரிசையில உக்காரத் தெரியாது. விழா போச்சு, ஜூரி ஆரம்பிச்சுருச்சு. மாட்டுனது நான்.

"ஏம்மா இவங்களைக் கீழ உக்கார வச்சீங்க?"

"பெஞ்சுல வச்சேங்க. கால் தொங்குச்சு. இறக்கிட்டேன்."

"பெஞ்சு எவ்வளவு உசரம், ஜெர்லின்?"

"பதினெட்டு அங்குலம் மேடம். புத்தகத்துல இருக்கிறது."

மேடம் ஷீட்டை உத்துப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க. மறுபடி ஷீட்டு. "இது நீங்கதானே?"ன்னாங்க.

அப்பதான் அந்த ஹஸீனா கத்துச்சு. "மேடம், என் ஷீட்லயும் அக்கா இருக்காங்க! மண் வீட்டு வாசல்ல!" இன்னொருத்தன், "என் மியூசியத்துல, டிக்கெட் கவுன்ட்டர்கிட்ட!" ஏர்போர்ட்டுல இருக்கேன், ஆஸ்பத்திரி வராண்டால இருக்கேன், மாரத்தான் ஓடுன சாரு கட்டுரைக்குப் போட்ட கோயில் மண்டபத்துல இருக்கேன். ஹாலைச் சுத்தி மாட்டியிருந்த அத்தனை சாதனையிலயும் நான் சார். ஒவ்வொருத்தரா ஓடி ஓடிக் கண்டுபிடிச்சுக் கை தட்டுறாங்க. சிரிப்பு தாங்கல. நானும் சிரிச்சேன். எனக்கே தெரியல, இத்தனை இடத்துலயா போய் நின்னிருக்கேன்!

திலகா மேடம் மட்டும் சிரிக்கல. சுத்தி ஒரு நடை நடந்து எல்லா ஷீட்டையும் பாத்துட்டு வந்து கேட்டாங்க. "மத்த எல்லாத்துலயும் ஏம்மா நின்னுக்கிட்டே இருக்கீங்க? இத்தனை கட்டடத்துல ஒரு இடத்துலகூட உக்காரலையே?"

"உக்காந்தா கால் எட்டாதுங்களே"ன்னேன்.

சாதாரணமாத்தான் சொன்னேன் சார். உண்மையைத்தானே சொன்னேன்? ஆனா அந்தச் சிரிப்பு அப்படியே அடங்கிப் போச்சு. வாத்தியாருங்க அஞ்சு பேரும் தரையைப் பாத்தாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு, ஏதோ தப்பாப் பேசிட்டோம்னு முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டேன்.

மேடம் மைக்குக்குப் போனாங்க. "பரிசு கட்டடத்துக்குக் குடுத்தது, அதுல மாத்தமில்ல. கூரையும் காத்தும் நிழலும் ஜெர்லினோடதுதான். ஆனா எங்க குறிப்பு தப்பு. இல்லாத இருக்கையைப் பாராட்டிட்டோம். அந்தக் குறிப்பை நான் வாபஸ் வாங்கிக்கிறேன்"னு சொல்லிட்டு, மிஸ்ஸு பக்கம் திரும்பி, "கட்டுறதுக்கு முன்னாடி இந்தம்மா உக்கார இடம் வேணும்"னாங்க. மிஸ்ஸு தலையாட்டுனாங்க. கோப்பையை வாங்கும்போது கண்ணு நிறைஞ்சு கிடந்துச்சு. பிள்ளைங்க போட்ட கூச்சல்ல கூரை இடிஞ்சு விழுந்திருக்கும். எனக்கும் ஒரு சால்வை போத்துனாங்க. மாரத்தான் சாருக்கு எடுத்து வச்ச சால்வையாம், அவரே கொண்டாந்து போத்திட்டாரு.

இருந்தாலும் மானம் போனது போனதுதானே? சொல்லாம வச்சேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. மூணு நாள் மிஸ்ஸோட நான் பேசல. நாலாவது நாள் காலையில அளக்கிற டேப்பைக் கையில வச்சுக்கிட்டு வந்து நிக்கிறாங்க. "அக்கா, அஞ்சு நிமிஷம் காலேஜுக்கு வாங்க." கோவமாத்தான் போனேன். மரத்தடியில செங்கல்லை அடுக்கி மேல பலகை போட்டு நாலு திட்டு வச்சிருக்காங்க. ஒண்ணைவிட ஒண்ணு ஒரு அங்குலம் உசரம். ஒண்ணொண்ணுலயும் என்னை உக்காரச் சொன்னாங்க. முதல் ரெண்டுல முட்டி மேல வந்துருச்சு. கடைசியில இருந்ததுல குதிகால் எட்டல. மூணாவதுல உக்காந்தேன். பாதம் ரெண்டும் முழுசா தரையில பட்டுச்சு சார்.

எனக்கு நாப்பத்தி நாலு வயசு. பள்ளிக்கூட பெஞ்சுல இருந்து பேங்க் நாற்காலி வரைக்கும் விளிம்புலயே தொத்திக்கிட்டு உக்காந்திருக்கேன், எல்லாருக்கும் அப்படித்தான்னு நினைச்சுக்கிட்டு இருந்துட்டேன். அழுகை வந்துருச்சு. செங்கல் தூசின்னு சொன்னேன். மிஸ்ஸு குனிஞ்சு டேப்பைப் பிடிச்சு, பதினாலுன்னு நோட்டுல எழுதிக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் நான் திருந்திட்டேன் சார். கேக்காம யாரையும் வைக்கிறதே இல்ல. உங்க பொண்ணு ஷீட்ல மூணு பேர்தான் வச்சிருக்கேன். பொண்ணுகிட்ட கேக்கல, ஆனா நீங்க இங்கதானே இருக்கீங்க, உங்ககிட்ட சொல்லிட்டேன்ல?

போன வாரம் மிஸ்ஸு புது டிசைனை அனுப்புனாங்க. கட்டுறவங்களுக்குப் போற கடைசி ஷீட்டு. பெஞ்சு இப்ப ரெண்டு உசரம். ஒரு பாதி பதினெட்டு, ஒரு பாதி பதினாலு. ஆனா ஷீட்டு பழையபடி வெள்ளையாக் கிடக்கு. கையைக் கட்டிக்கிட்டு அரை மணி நேரம் உக்காந்திருந்தேன் சார், தொடல. அப்புறம் போன் பண்ணேன். "மிஸ், ஆளே இல்லாம இருக்கே?"

"உங்களுக்காக விட்டிருக்கேன் அக்கா. நீங்களே வைங்க"ன்னுட்டு போனை வச்சுட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் ஒரு தேங்க்ஸ் சொல்லல, பாருங்க, அந்த மிஸ்ஸு.

நம்ம ஆளுங்க ஃபோல்டரைத் தொறந்தேன். நானூத்தி முப்பது பேருல நான் ஒழுங்கா உக்காந்த போட்டோ ஒண்ணுகூட இல்ல. ஏ-ஃபோர் பேப்பர் கட்டை ஏழு அடுக்குனேன், பதினாலு அங்குலம் வந்துச்சு. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு போனைக் கையில குடுத்தேன். "எப்பவும் நின்னுதானடி எடுப்ப?"ன்னாரு. பேசாம எடுங்கன்னேன். பின்னாடி இருந்ததை வெட்டிட்டு, ஒண்ணுக்கு அம்பதுக்குச் சுருக்கி, அந்த பெஞ்சுல கொண்டு போய் வச்சேன். சாஞ்சு உக்காந்திருக்கேன் சார், கால் ரெண்டும் தரையில.